வெப்பநிலை வேறு, வெப்ப உயர்வு வேறு



ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டமாக விளங்கிய பங்சாரை அடுத்து இன்று அங்காசாபுரி அமைந்துள்ளது. அங்கிருந்து ஒலிபரப்பாகும் வானொலிச் செய்திகளில் வெப்பம் செல்சியஸ் அளவில் கூறப்படுவதை நாம் அறிவோம். 1972ஆம் ஆண்டின் எடை, அளவைச் சட்டத்தைத் தொடர்ந்து நம் நாடு மெட்ரிக் முறைக்கு மாறியது. ஆயினும், "பிள்ளைக்குக் காய்ச்சல் 102 டிகிரி" என்று இல்லத்துப் பெரியோர் இன்றும் கூறுவதுண்டு. அது பாரன்ஹீட் அளவு. ஓர் அளவை மற்றோர் அளவாக மாற்றும்போது, அறிவியற் செய்தி எழுதுவோரும் ஒரு பிழை செய்துவிடுகின்றனர். அப்பிழை யாது?

நீர் உறையும் நிலை செல்சியஸில் 0, பாரன்ஹீட்டில் 32. நீர் கொதிக்கும் நிலை செல்சியஸில் 100, பாரன்ஹீட்டில் 212. அதாவது, செல்சியஸில் 100 டிகிரி இடைவெளி பாரன்ஹீட்டில் 180 டிகிரியாகும். எனவே, 1 டிகிரி செல்சியஸ் உயர்வு 1.8 டிகிரி பாரன்ஹீட் உயர்வுக்குச் சமம்.

விதி 1: வெப்பநிலையை மாற்ற, 1.8ஆல் பெருக்கி 32ஐக் கூட்டுக. 1998 ஏப்ரல் 9ஆம் நாள் பெர்லிஸ் மாநிலத்துச் சுப்பிங்கில் 40.1 டிகிரி செல்சியஸ் வெப்பம் பதிவாயிற்று. அது ஏறத்தாழ 104.2 டிகிரி பாரன்ஹீட்.

விதி 2: வெப்பம் எவ்வளவு ஏறியது அல்லது இறங்கியது என்பதை மாற்ற, 1.8ஆல் பெருக்கினால் போதும். 32ஐக் கூட்டலாகாது. அந்த 32 இரு அளவுகளும் தொடங்கும் இடத்தின் வேறுபாடேயன்றி ஏற்றத்தின் பகுதியன்று.

இவ்விதியை மறப்பதே பிழைக்குக் காரணம். புவி வெப்ப உயர்வை 1.5 டிகிரி செல்சியஸுக்குள் நிறுத்த முயல்வதென 2015ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்பாடு கூறுகிறது. அது பாரன்ஹீட்டில் 2.7 டிகிரி. 32ஐயும் கூட்டி 34.7 என்று எழுதினால், பயிரும் உயிரும் தாங்கவொண்ணா உயர்வாகிவிடும்!

இக்கணக்கு இல்லத்திற்கும் பயன்படும். இயல்பான உடல் வெப்பம் ஏறத்தாழ 37 டிகிரி செல்சியஸ், அதாவது 98.6 டிகிரி பாரன்ஹீட். குழந்தைக்கு அது 39 ஆனால், "இரண்டு டிகிரிதானே" என்று வாளாவிருத்தல் தகாது. அந்த இரண்டு, பாரன்ஹீட்டில் 3.6 ஆகும். குழந்தையின் வெப்பநிலை 102.2! பெரியோர் அஞ்சும் 102 இதுவே. காலந்தாழ்த்தாது கிளினிக்கிற்குக் கொண்டுசெல்க.

பயிற்சி: ரப்பர் ஷீட்டுகள் உலரும் புகைக்கூடத்தின் வெப்பநிலை 50 டிகிரி செல்சியஸ். பாரன்ஹீட்டில் எவ்வளவு? அது மேலும் 5 டிகிரி செல்சியஸ் ஏறினால், பாரன்ஹீட்டில் எத்தனை டிகிரி ஏறும்?

விடை: 122, 9. இரண்டையும் கூட்டினால் 131. 55 டிகிரி செல்சியஸை முதல் விதிப்படி மாற்றினாலும் அதே 131 வருவதைப் பிள்ளைகளுடன் அமர்ந்து கணக்கிட்டுப் பாருங்கள்.