விளக்கு மங்கினால் பேட்டரிதான் குற்றவாளியா?



ஞாயிற்றுக்கிழமை மாலை சிராங்கூன் சாலையில் தேக்காவைத் தாண்டுவதற்குள் கார்கள் எப்படி ஊர்ந்து செல்லும் என்பது உங்களுக்குத் தெரியும். அப்படி ஊரும்போது எஞ்சின் ‘ஐட்லிங்’ நிலையில் இருக்கும். அதாவது, ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமலே நிமிடத்துக்குச் சுமார் 700 முதல் 850 சுற்று வேகத்தில் மெதுவாக ஓடும்.

என் சித்தப்பாவின் பழைய காருக்குச் சிக்கல் வந்தது அங்கேதான். விளக்குகள் மங்கின, எஞ்சின் நடுங்கியது, பிறகு நின்றேவிட்டது. மீண்டும் சாவியைத் திருப்பினால் ‘டக், டக்’ என்ற சத்தம் மட்டும். இது வெறும் எரிச்சல் அல்ல, ஆபத்து. எஞ்சின் நின்றால் பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் கிடைக்கும் துணைவிசை போய்விடும். இரண்டையும் இயக்க அதிக பலம் வேண்டும்.

ஒரு பட்டறையில் புதிய பேட்டரி மாட்டினார்கள். மூன்றே வாரத்தில் பழைய கதை திரும்பியது. உண்மையான காரணத்தைக் கண்டுபிடித்தது நீங்கள் வகுப்பில் படிக்கும் ஓம் விதிதான்.

சிங்கப்பூரில் 1990 முதல் வாகன உரிமைச் சான்றிதழ் முறை நடப்பில் உள்ளது. ஒரு சான்றிதழ் 10 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் அதை 5 அல்லது 10 ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கலாம். சித்தப்பா அப்படிப் புதுப்பித்தவர். பாட்டுக் கேட்பதற்காக ஒலிபெருக்கிக் கருவி ஒன்றையும் கூடுதலாகப் பொருத்தியிருந்தார். அதை நினைவில் வையுங்கள்.

மின்னோட்டம் சுற்றிவரும் பாதை

காரில் ஒவ்வொரு விளக்குக்கும் இரண்டு கம்பிகள் பேட்டரிவரை ஓடுவதில்லை. மின்னோட்டம் கம்பி வழியே போய், பெரும்பாலும் காரின் இரும்பு உடல் வழியாகத் திரும்புகிறது. எஞ்சினையும் உடலையும் இணைக்க ஒரு தடித்த ‘எர்த்’ கம்பி உண்டு. எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தருவது ஆல்டர்னேட்டர். அது எஞ்சினோடு பூட்டப்பட்டிருப்பதால், அதற்குத் திரும்பும் மின்னோட்டம் இந்தக் கம்பியைக் கடந்தாக வேண்டும்.

அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவரின் மேற்பார்வையில் மல்டிமீட்டரால் அளந்தோம். எஞ்சின் ஓடாதபோது, நன்றாக மின்னேற்றிய பேட்டரியில் 12.6 வோல்ட். அது சரியான அளவே. எஞ்சினை ஓடவிட்டு விளக்கு, குளிரூட்டி, பாட்டு எல்லாவற்றையும் போட்டோம். ஆல்டர்னேட்டரில் 14.2 வோல்ட் இருந்தது, பேட்டரி முனைகளிலோ 13.4 வோல்ட்தான். மீதி 0.8 வோல்ட் எங்கே போனது?

மீட்டரின் ஒரு முனையை எஞ்சினிலும் மறுமுனையை உடல் தகட்டிலும் வைத்தோம். காணாமல்போன 0.8 வோல்ட் அங்கே இருந்தது!

அப்போது ஓடிய மின்னோட்டம் 40 ஆம்பியர். மின்தடை என்பது மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுப்பது. 0.8 ÷ 40 = 0.02 ஓம். இவ்வளவு சிறிய தடையைச் சாதாரண மல்டிமீட்டரின் ஓம் அளவு காட்டாது. ‘இணைப்பு நன்றாக இருக்கிறது’ என்றே சொல்லும். எஞ்சினை நிறுத்தி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு அளந்தாலும் வோல்ட் பூஜ்யம்தான். மின்னோட்டம் ஓடும்போது மட்டுமே இந்தக் குறை வெளியே தெரியும்.

அந்தச் சிறு தடை செய்த வேலையைப் பாருங்கள். ஸ்டார்ட்டர் மோட்டார் 150 ஆம்பியர் இழுத்தால் 150 × 0.02 = 3 வோல்ட் வழியிலேயே இழப்பு. அதனால்தான் ‘டக், டக்’. குறைந்த மின்னழுத்தத்தில் பேட்டரியும் முழுமையாக மின்னேறவில்லை. புதிய பேட்டரியும் சோர்ந்துபோனது அதனால்தான்.

கம்பியைக் கழற்றிப் பார்த்தோம். ஒலிபெருக்கியின் கம்பியை மாட்டியவர்கள், எர்த் போல்ட்டைக் கழற்றி, பெயின்ட் மீதும் துரு மீதும் திரும்ப முடுக்கியிருந்தார்கள். உப்புத்தாளால் தேய்த்து இறுக்கியதும் இழப்பு 0.05 வோல்ட்டுக்கும் கீழே வந்தது.

எஞ்சின் ஏன் நடுங்கியது?

மின்சாரம் இலவசமல்ல. 14 வோல்ட்டில் 40 ஆம்பியர் என்றால் 560 வாட். ஆல்டர்னேட்டரிலும் பெல்ட்டிலும் இழப்பு இருப்பதால் எஞ்சின் சுமார் 1,000 வாட் தர வேண்டும். மெதுவாக ஓடும் எஞ்சினுக்கு அது பெரிய சுமை. அதைச் சமாளிக்க எஞ்சின் கணினி கூடுதல் காற்றையும் பெட்ரோலையும் உள்ளே விடும். சித்தப்பா காரில் அந்தக் காற்றுவழியில் கரி படிந்திருந்தது. அதைச் சுத்தம் செய்த பிறகுதான் நடுக்கம் முழுதாக நின்றது. ஆக, குறைகள் இரண்டு. ஒன்றைச் சரிசெய்த பின்பும் அளந்து பார்த்ததால்தான் மற்றது தெரிந்தது.

நீங்களே செய்து பாருங்கள்

காரை நீங்களாகத் திறக்க வேண்டாம். சுழலும் பெல்ட்டும் விசிறியும் விரலைப் பறித்துவிடும். நிறுத்திய காரின் எஞ்சினைத் தேவையில்லாமல் ஓடவிடுவது சிங்கப்பூரில் குற்றமும்கூட.

ஒரு டார்ச் பல்ப், இரண்டு 1.5 வோல்ட் மின்கலங்கள், ஒரு சுவிட்ச், துருப்பிடித்த காகிதக் கிளிப் ஒன்று போதும். எல்லாவற்றையும் தொடராக இணையுங்கள். பல்ப் எரியவே இல்லை என்றால் கிளிப்பில் துரு குறைவான இடத்தைத் தேடிப் பிடியுங்கள். சுவிட்சை அணைத்தும் போட்டும் கிளிப்பின் இரு முனைகளுக்கிடையே வோல்ட்டை அளங்கள். பிறகு கிளிப்பை நன்றாகத் தேய்த்துவிட்டு மீண்டும் அளங்கள். மல்டிமீட்டர் இல்லையென்றால் பள்ளி ஆய்வுக்கூடத்தில் கேளுங்கள். ஜாலான் புசார் சாலையில் உள்ள சிம் லிம் டவர் கடைகளிலும் கிடைக்கும்.

பயிற்சி: ஓர் எர்த் இணைப்பின் தடை 0.01 ஓம். அதில் 60 ஆம்பியர் ஓடினால் எத்தனை வோல்ட் இழப்பு? அந்த இணைப்பில் எத்தனை வாட் வெப்பமாகும்?

விடை: 0.6 வோல்ட், 36 வாட்.