பிரியாணிக்கு முன் ஒரு தட்டு

கேள்வி: தீபாவளிக்குத் திறந்த இல்ல உபசரிப்பு வைக்கிறோம். மலாய், சீன நண்பர்களும் வருவார்கள். சாப்பாட்டுக்கு முன் அழகாக என்ன பரிமாறலாம்?
– தோட்டத்து வாசகி, ரந்தாவ், நெகிரி செம்பிலான்

பதில்: மசாலா வடைதான். ஆனால் கடை அளவில் வேண்டாம். இரண்டு வாயில் முடிகிற சின்ன வடையாகத் தட்டுங்கள். கடலைப்பருப்பை 2 மணி நேரம் ஊறவைத்து, நீரை முழுக்க வடித்து, ஒரு பிடியைத் தனியே எடுத்துவிட்டு மீதியைச் சோம்பு, காய்ந்த மிளகாயோடு கொரகொரப்பாக அரையுங்கள். தண்ணீர் விடவே கூடாது; விட்டால் வடை எண்ணெய் குடிக்கும். எடுத்து வைத்த பருப்பு, கறிவேப்பிலையைக் கலந்து குளிர்பெட்டியில் வையுங்கள். சின்ன வெங்காயமும் உப்பும் சுடும் நேரத்தில் சேர்த்தால் போதும். விருந்தாளி வாசலில் செருப்பைக் கழற்றும்போது எண்ணெய் காய்ந்திருக்க வேண்டும். ஆறிய வடையை நான் யாருக்கும் நீட்ட மாட்டேன்! பச்சை மிளகாய் பக்கத்தில் இருக்கட்டும்.

அச்சு முறுக்கை முந்தின வாரமே சுட்டுக் காற்றுப்புகாத டின்னில் அடைக்கலாம். எண்ணெயில் அச்சு நன்றாகச் சூடேறிய பிறகே மாவில் தோய்க்க வேண்டும், அதுவும் மேல் விளிம்பு மூழ்காமல்; மூழ்கினால் முறுக்கு கழன்று வராது. மலாய் நண்பர்களுக்கும் பழகிய பலகாரம் இது. குவே லோயாங் என்று கேட்டு எடுப்பார்கள். முட்டை சேர்ப்பதால் சைவம் சாப்பிடுகிறவர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

கோழி வறுவல் வைத்தால் ஹலால் கோழியாக வாங்கி, தனித் தட்டில், தனிக் கரண்டியோடு வையுங்கள்.

தட்டுகளுக்கு வீட்டுப் பின்புற வாழை போதும். இலையை லேசாக அனலில் வாட்டினால் கிழியாமல் வட்டமாக வெட்ட வரும்.