சாய்த்து இறக்கும் ஹாம் டவர்: எந்த இடத்துக்கு எது?

தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனம் 1983 முதல் ஹைதராபாத்தில் இயங்குகிறது. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில் அதன் குழு போர்ட் பிளேரில் முகாமிட்டு, உலகெங்கும் உள்ள ஹாம்களோடு (அமெச்சூர் ரேடியோக்காரர்களோடு) பேசிக்கொண்டிருந்தது. 26ஆம் தேதி சுனாமி வந்தபோது, தீவுகளின் சேதி வெளியே வர அந்த நிலையமும் ஒரு வழியானது. அதனால் ஆன்டெனா ஏற்றுவதை ஹைதராபாத்காரர் யாரும் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

ஏறாமல், தரையில் நின்றே பழுதுபார்க்கலாம் என்பதுதான் சாய்க்கும் டவரின் சிறப்பு. ஏறும் ஆபத்து போகிறது. ஆனால் இறக்கி ஏற்றும் ஆபத்து வந்து சேர்கிறது. அதனால் டவரை வாங்கிவிட்டு இடம் தேடாதீர்கள். இடத்தைப் பார்த்து டவரை முடிவு செய்யுங்கள்.

12 மீட்டர் கம்பம் படுக்க 12 மீட்டர் நீளம் வேண்டும். ஆன்டெனா விரிய இன்னும் கூடுதலாக வேண்டும். கம்பம் எந்தப் பக்கம் விழுந்தாலும் மின்கம்பியைத் தொடக் கூடாது. கம்பத்தின் உயரத்தோடு குறைந்தது 3 மீட்டர் சேர்த்துச் சுற்றிலும் அளந்து பாருங்கள். வீட்டை ஒட்டி 11 கே.வி. லைன் ஓடும் தெருக்களில் இந்தக் கணக்கிலேயே விடை கிடைத்துவிடும்: டவர் வேண்டாம், வயர் ஆன்டெனா போதும். பேகம்பேட்டை, ஹகீம்பேட்டை, துண்டிகல், ஷம்ஷாபாத் பக்கம் இருப்பவர்கள் விமான நிலைய உயர வரம்பையும் முதலிலேயே விசாரித்துவிட வேண்டும்.

புறநகரில் காலி மனை இருந்தால் என் ஓட்டு அடியில் கீல் வைத்த, ஸ்டே கம்பி கட்டிய டவருக்குத்தான். செலவு குறைவு, காற்றின் விசையை ஸ்டேக்கள் பங்குபோட்டுக்கொள்ளும். இதில் எல்லாச் சுமையும் தூக்கத் தொடங்கும் முதல் நொடியில்தான். 100 கிலோ எடையுள்ள 12 மீட்டர் டவர், உச்சியில் 15 கிலோ ஆன்டெனா, கீலிலிருந்து 8 மீட்டர் தள்ளி வின்ச் என்று வையுங்கள். கீல் அருகே செங்குத்தாக நிற்கும் துணைக்கம்பம் 2 மீட்டர் என்றால் வின்ச் கயிற்றில் ஏறும் இழுவை சுமார் 400 கிலோ. அதையே 4 மீட்டராக்கினால் 220 கிலோவுக்கு இறங்கிவிடும். துணைக்கம்பத்தில் சிக்கனம் பிடிக்காதீர்கள்.

ஸ்டேக்கள் நான்கு வேண்டும். இரு பக்கத்து ஸ்டேக்களின் ஆங்கர்களும் கீல் அச்சின் நேர்கோட்டில், கீலின் அதே மட்டத்தில் இருக்க வேண்டும். அப்போதுதான் டவர் எழும்போது அவை இறுகவும் செய்யாது, தளரவும் செய்யாது. ஆங்கர் ஒரு சாண் விலகினாலும் பாதி வழியில் ஒரு ஸ்டே விறைத்து டவரை முறுக்கும். டவர் படுத்திருக்கும் பக்கத்து ஸ்டேயின் நீளத்தை முன்பே அளந்து கட்டிவிடுங்கள்; செங்குத்தைத் தாண்டி மறுபக்கம் சாயாமல் பிடித்து நிறுத்துவது அதுதான்.

காம்பவுண்டுக்குள் வீடு, பக்கத்தில் கொஞ்சம் இடம் என்றால் நடுவில் கீல் வைத்த கம்பம் பொருந்தும். கான்கிரீட்டில் ஊன்றிய இரட்டைத் தூண்களுக்கு நடுவே கம்பம் சுழலும், அடிமுனையில் எதிர்எடை. சமன் சரியாக இருந்தால் ஒருவரே கயிற்றைப் பிடித்து இறக்கலாம். ஆனால் கம்பம் படுத்திருக்கும்போது ஆன்டெனாவைக் கழற்றினால் சமன் போய்விடும்: எதிர்எடை முனை கீழே பாய, மேல்முனை எகிறி முகத்தில் அடிக்கும். ஸ்பேனரை எடுக்குமுன் இரு முனைகளையும் தரையோடு கட்டுங்கள்.

மூன்றாவது, ஒன்றுக்குள் ஒன்று இறங்கும் டெலஸ்கோப் டவர். ஸ்டே கிடையாது, இடம் மிச்சம். ஆனால் விலை அதிகம், காற்றின் பாரம் முழுக்க அஸ்திவாரத்தின் மேல். இந்தியத் தர விதியான ஐ.எஸ். 875 ஹைதராபாத்துக்கு வகுத்த அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 44 மீட்டர் (சென்னைக்கு 50). அந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறக்குறைய 118 கிலோ அழுத்தம். கோடையின் இடிமழைக் காற்று சொல்லிக்கொண்டு வராது. வடிவமைப்பை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் காட்டாமல் குழி தோண்டாதீர்கள். அடுக்குமாடி மொட்டைமாடியில் வெறும் ஸ்லாபில் போல்ட் அடித்து எதையும் நிறுத்த வேண்டாம்.

மண்ணும் முக்கியம். கரிசல் மழையில் உப்பும், வெயிலில் வெடிக்கும்; அதைக் கடந்து கெட்டி அடுக்கு வரை தோண்ட வேண்டும். தரைப்பாறை கிடைத்தால் துளையிட்டு கம்பி இறக்கி கிரவுட் ஊற்றலாம். மேலே உட்கார்ந்திருக்கும் உருண்டைப் பாறையை ஆங்கராக நம்பவே கூடாது. கான்கிரீட்டுக்கு ஈரச்சாக்கு போட்டு, 28 நாள் கழித்தே டவரை ஏற்றுங்கள்.

வின்ச் வாங்க ராணிகஞ்ச் போனால், கைப்பிடியை விட்டாலும் சுமை நின்ற இடத்தில் நிற்கும் வார்ம் கியர் வகையைக் கேளுங்கள். வெறும் பல்சக்கரமும் கொக்கியும் உள்ளதில் கொக்கி நழுவினால் கைப்பிடி சுழன்று மணிக்கட்டை உடைக்கும். ஸ்டே முனைக்கு மூன்று யூ கிளாம்ப். கிளாம்பின் அடிக்கட்டை பாரம் தாங்கும் கம்பியின் மேல், யூ வளைவு வெட்டிய முனையின் மேல்.

ஏற்றும் நாளில் காலைக் காற்றில்லாத நேரம், ஹெல்மெட், உத்தரவு ஒருவர் வாயிலிருந்து மட்டும். ஒரு அடி தூக்கி நிறுத்தி, ஒவ்வொரு ஆங்கரையும் பார்த்த பிறகே மேலே போங்கள். டவருக்கு அடியில் யாரும் நிற்கக் கூடாது. நிமிர்ந்ததும் முதலில் கீலுக்குப் பூட்டு ஊசி, பிறகு எர்த் கம்பி. டர்ன்பக்கிள்களுக்கு ஊடே கம்பி கோத்துப் பூட்டிவிட்டு, முதல் பெருமழை ஓய்ந்ததும் ஸ்டேக்களின் இறுக்கத்தை மறுபடி சரிபாருங்கள்.