விண்மீன் படமும் பனியும்

புதுச்சேரியைச் சார்ந்த பாகூர்ப் பகுதியில், கடலோரத்தே பனித்திட்டு என்னும் சிற்றூர் உளது. மார்கழித் திங்களின் முன்னிரவில் அவ்வூர்க் கரையில் நின்று கீழ்த்திசையை நோக்கினால், அலைகளுக்கு மேலே மிருகசீரிடமும் திருவாதிரையும் எழுந்து வரக் காணலாம். அவற்றை அடுத்து, வரிசையாய் மூன்று மீன்கள் நிற்கும். அவற்றின் தென்புறத்தே சிறு புகைபோல ஒன்று மங்கித் தோன்றும். வானநூலார் அதனை ஓரியன் நெபுலா என்பர். அதன் ஒளி நம்மை வந்தடைய ஏறத்தாழ 1,300 ஆண்டுகள் ஆகின்றன. அவ்வளவு தொலைவிலிருந்து வரும் சிற்றொளியைத் தொலைநோக்கியும் காமிராவும் கொண்டு படத்தில் பதிப்போர் உளர்.

பனி என்னும் சொல் தமிழில் குளிரையும், நீர்த்துளியையும், நடுக்கத்தையும் குறிக்கும். ஊரின் பெயர்க் காரணத்தை ஆராய்வது ஈண்டு நம் கருத்தன்று. ஆயினும் விண்ணைப் படம் எடுப்பவர்க்கு இம்மூன்று பொருளும் நாள்தோறும் நினைக்கத் தக்கவை. குளிர் அவர்க்கு நட்பு. ஏனைய இரண்டும் பகை.

முதற்கண் செய்யவேண்டுவது குவியம் காண்டலாம். தொலைநோக்கியின் ஆடியோ வில்லையோ ஒளிக்கதிர்களை ஒன்றுகூட்டும் இடமே குவியம். காமிராவினுள் ஒளியை வாங்கும் சிலிக்கன் தகடு அவ்விடத்தே நிற்றல் வேண்டும். சிறிது முன்பின்னாக நின்றாலும், புள்ளியாய் விழவேண்டிய மீன் வட்டமாய் விரியும். ஒளி பரவிப் போதலின் மங்கிய மீன்கள் அறவே மறையும். இதனைக் கண்ணளவால் திருத்துதல் அரிது. எளிய வழி ஒன்று உண்டு. அட்டையொன்றில் இரு துளைகள் இட்டுத் தொலைநோக்கியின் வாயை அதனால் மூடுவர். குவியம் தவறியிருப்பின் ஒரு மீன் இரண்டாகத் தோன்றும். திருகைச் சிறிது சிறிதாகத் திருப்ப, இரண்டும் நெருங்கி ஒன்றாகும். ஒன்றாகிய இடமே குவியம். திருகைத் தொட்டவுடன் கருவி நடுங்குமாதலின், ஒவ்வொரு முறையும் கையை எடுத்து, நடுக்கம் அடங்கிய பின்னரே பார்த்தல் வேண்டும். பொறுமையில்லார்க்கு இவ்வேலை ஆகாது.

மாலையில் கண்ட குவியம் நள்ளிரவில் நில்லாது என்பதையும் அறிக. இரவு குளிரக் குளிர உலோகம் சுருங்கும். ஒரு மீட்டர் நீளமுள்ள அலுமினியக் குழாய் 5 பாகை குளிர்ந்தால் ஏறத்தாழ 0.12 மில்லிமீட்டர் குறையும். இஃதொரு பொருட்டோ எனலாம். வாயகலத்தைப் போல் ஐந்து மடங்கு குவியத் தொலைவுடைய தொலைநோக்கியில் குவியம் தவறாதிருக்கும் இடைவெளி 0.1 மில்லிமீட்டருக்கும் குறைவே! ஆதலின் வல்லார் தொலைநோக்கியை முன்கூட்டியே திறந்தவெளியில் வைத்து ஆறவிடுவர். இரவில் பன்முறை குவியத்தைச் சரிபார்ப்பர்.

இனிக் காமிராவைக் குளிர்வித்தல். சிலிக்கன் தகட்டில் ஒளி பட்டால் எலக்ட்ரான்கள் விடுபடும்; அவற்றை எண்ணியே படம் அமைகிறது. ஆனால் வெப்பமும் எலக்ட்ரான்களை விடுவிக்கும். எது ஒளியால் வந்தது, எது வெப்பத்தால் வந்தது என்று தகடு அறியாது. பகலில் எடுக்கும் படத்தில் இக்கலப்பு தோன்றாது. பல நிமிடம் ஒளியைத் திரட்டும் இரவுப் படத்திலோ, பொய் மீன்கள் புள்ளிபுள்ளியாய் நிறையும். ஏறத்தாழ 6 பாகை குளிர்விக்குந்தோறும் இப்பொய் பாதியாகும். 30 பாகை குளிர்வித்தால் முப்பத்திரண்டில் ஒரு பங்கே எஞ்சும். சிறு காமிராக்களில் 1834இல் பெல்தியே என்னும் பிரெஞ்சுக்காரர் கண்ட முறை பயன்படுகிறது. மின்னோட்டம் ஒருபுறத்து வெப்பத்தை மறுபுறம் கடத்தும். பெரிய வானாய்வகங்களில் இது போதாது. பனித்திட்டுக்கு வடமேற்கே, சவ்வாது மலையில் காவலூர் உளது. 1986இல் திறக்கப்பெற்ற 2.3 மீட்டர் தொலைநோக்கி அங்கே வைணு பாப்புவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அத்தகைய தொலைநோக்கிகளின் காமிராக்களுக்குத் திரவ நைட்ரஜன் வார்க்கப்பெறும். அது கொதிப்பதே சுழிக்குக் கீழ் 196 பாகையில்! காமிராவைச் சூழ்ந்த கலம், நம் இல்லங்களில் காப்பியைச் சூடாக வைக்கும் பிளாஸ்கின் உறவினதே.

எவ்வளவு குளிர்வித்தும் சிறிது பொய் எஞ்சும். எண்ணெய் வாணிகர் வெறுங்கலத்தை முன்னர் நிறுத்து எடையில் கழிப்பதுபோல, தொலைநோக்கியை மூடி, அதே குளிரில், அதே நேரஅளவில் இருட்படம் ஒன்றை எடுத்து மெய்ப்படத்திலிருந்து கழிப்பர்.

கடற்கரையில் குளிர்வித்தலால் புதிய இடர் ஒன்று பிறக்கும். ஈரக்காற்று குளிர்ந்த தகட்டைத் தீண்டினால் அங்கே உறைபனி படியும். ஆதலின் தகடு இருக்கும் அறையைக் காற்று புகாது அடைத்து, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா மணிகளை அதனுள் இடுவர். தொலைநோக்கியின் முன்வில்லையிலோ இரவுப் பனி துளிக்கும். அதனைத் தடுக்க வில்லையைச் சுற்றி வெதுவெதுப்பான பட்டை கட்டுவர். ஒரே கருவியின் ஒருமுனை குளிர்விக்கப்பெற, மறுமுனை சூடேற்றப்பெறுகிறது!

இத்துணையும் முடித்தபின் முகில் வந்து மூடினால் செய்வது யாதுமில்லை. புதுச்சேரி மண் இதனை நன்கு அறியும். வெள்ளி, ஞாயிற்றின் முகத்தைக் கடக்கும் காட்சியைக் காண லெ ழாந்தி என்னும் பிரெஞ்சு வானநூலார் 1760இல் தம் நாட்டினின்று புறப்பட்டார். 1761இல் புதுச்சேரி ஆங்கிலேயர் வயப்பட்டதால் கரையிறங்க இயலாது, அக்காட்சி நிகழ்ந்த நாளில் அவர் கடலிலேயே இருந்தார். அடுத்த காட்சிக்காக எட்டு ஆண்டுகள் காத்திருந்து, 1769 ஜூன் 4ஆம் நாள் காலை புதுச்சேரியில் கருவிகளை ஒழுங்குசெய்து நின்றார். முந்தைய நாள்களில் தெளிந்திருந்த வானம் அன்று முகிலால் மூடியது. வெள்ளி கடந்து சென்ற பின்னரே ஞாயிறு வெளிப்பட்டது. அடுத்த காட்சி 1874இல்.