ஒரு டம்ளர் தண்ணீர்

அன்புள்ள தம்பி,

ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேர்ந்த முதல் மாதமே காய்ச்சல்காரர்கள் கூட்டம் தாங்கவில்லை என்று எழுதியிருந்தாய். ஐப்பசி மழை பிடித்தால் தை வரை அப்படித்தான். இந்த மாதங்களில் உன் பேனா அடிக்கடி எழுதப்போகிற ஆன்டிபயாட்டிக் டாக்ஸிசைக்ளின். அதைப் பற்றி நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

உன் வயதில் நான் இருந்தபோது, பருத்தி எடுக்கப் போகிற ஒரு பெண் உண்ணிக் காய்ச்சலோடு வந்தார். 100 மில்லிகிராம், காலையும் இரவும், 7 நாள் என்று எழுதிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் திரும்பி வந்தார். காய்ச்சல் விட்டிருந்தது. ஆனால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். எச்சில் விழுங்கினாலே கண்ணில் நீர் கோத்தது.

“மாத்திரை எப்படிம்மா போட்டீங்க?”

“படுக்கப் போறப்ப சார். ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் படுத்துட்டேன்.”

காப்ஸ்யூல் உணவுக்குழாயிலேயே ஒட்டிக் கரைந்திருக்கிறது. கரைந்தால் கடுமையான அமிலம் அது. எண்டோஸ்கோப்பியில் புண் தெரிந்தது. தப்பு அவருடையதல்ல. நான் மருந்தை எழுதினேன், விழுங்கும் விதத்தைச் சொல்லவில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன்: சாப்பிட்ட பிறகு போடு, ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் குடி, அரை மணி நேரமாவது படுக்காதே. இரவு மாத்திரையைப் படுக்கைக்கு வைத்துக்கொள்ளாமல் ராத்திரிச் சாப்பாட்டோடு முடித்துவிடச் சொல்.

அடுத்து, அவர்கள் வேறென்ன சாப்பிடுகிறார்கள் என்று கேள். நம் பெண்களில் பாதிப் பேர் கையில் இரும்புச்சத்து மாத்திரை இருக்கும். வயிற்றெரிச்சலுக்கு ஜெலுசில் குடிப்பவர்களும் உண்டு. இரும்பும் அலுமினியமும் மெக்னீசியமும் சுண்ணாம்புச்சத்தும் இந்த மருந்தைக் குடலிலேயே பிடித்துவைத்துக்கொள்ளும், ரத்தத்துக்குப் போய்ச்சேராது. இரண்டு மூன்று மணி நேரம் இடைவெளி விடச் சொல். பாலோடும் விழுங்க வேண்டாம். வெயிலில் வேலை செய்பவர்களுக்குத் தோல் சிவந்து எரியலாம். முழுக்கைச் சட்டையும் தலையில் துண்டும் அவசியம் என்று எச்சரித்து அனுப்பு.

எல்லாக் காய்ச்சலுக்கும் இதை எழுதிவிடாதே. டெங்குவுக்கு இதனால் ஒரு பயனும் இல்லை. ஆனால் உண்ணிக் காய்ச்சலில் தயங்கவும் கூடாது. அந்தக் கிருமி நம் செல்லுக்குள் குடியிருப்பது. அமாக்சிசிலினுக்கோ செஃப்ட்ரியாக்சோனுக்கோ அது மசியாது. டாக்ஸிசைக்ளின் அதன் புரத உற்பத்தியையே நிறுத்திவிடும். பெரும்பாலும் 48 மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கும். உண்ணிக் காய்ச்சலா என்று அறிய அக்குள், தொடை இடுக்கு, மார்புக்கு அடியில், பாவாடை நாடா இறுக்கும் இடம் எல்லாம் பார். சிகரெட் சுட்டதுபோல ஒரு கருப்புப் பொருக்கு இருக்கலாம். வலிக்காது, அதனால் அவர்களே சொல்ல மாட்டார்கள். பெண்களைப் பார்க்க நர்ஸ் அக்காவைத் துணைக்கு வைத்துக்கொள்.

எட்டு வயதுக்குக் கீழே கூடாது, பல்லில் கறை படியும் என்று படித்திருப்பாய். அந்தப் பயம் பழைய டெட்ராசைக்ளின்களிலிருந்து வந்தது. உண்ணிக் காய்ச்சல் என்றால் சில நாளுக்கு எடைக்கேற்பக் குழந்தைகளுக்கும் கொடுக்கலாம். கர்ப்பிணிகளுக்கு மட்டும் அசித்ரோமைசினுக்கு மாறிக்கொள்.

டாக்ஸிசைக்ளின் குடும்பத்தின் மூத்த பிள்ளை ஆரியோமைசின், 1948-ல் வெளிவந்தது. கண்டறிந்தவர் பெஞ்சமின் டக்கர். அமெரிக்காவில் அவர் வேலை செய்த லெடர்லே ஆய்வுக்கூடத்தின் ஆராய்ச்சியை வழிநடத்தியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். நீ படித்த அதே சென்னை மருத்துவக் கல்லூரி மாணவர். அவர் பெயரைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிரும்.

ஒன்று செய். மருந்து கொடுக்கிற ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு குடிநீர்ப் பானையும் நான்கு டம்ளரும் வைக்கச் சொல். சாப்பிட்டு வந்தவர்கள் முதல் மாத்திரையை அங்கேயே, உட்கார்ந்து, டம்ளர் காலியாகும்வரை குடித்து விழுங்கட்டும்.

அன்புடன்,
உன் அண்ணன்