கோட்டையில் விழும் ஓட்டு

கோவை மாவட்டத்தில் 2021-ல் பத்துத் தொகுதியும் அ.தி.மு.க. கூட்டணிக்கே போனது. முடிவு முன்பே தெரிந்த ஊரில் நான் எதற்கு வரிசையில் நிற்க வேண்டும்?
— வாசகி, தொண்டாமுத்தூர்

பத்தும் போனது உண்மைதான் அம்மா. எப்படிப் போனது என்பதையும் பாருங்கள். கோவை தெற்கில் வானதி சீனிவாசன் கமல்ஹாசனை முந்தியது வெறும் 1,728 ஓட்டில். ஈரோடு மாவட்டம் மொடக்குறிச்சியில் பா.ஜ.க.வின் சரஸ்வதி, தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசனை வென்றது 281 ஓட்டில். ஒரு கல்யாணப் பந்திக்கு உட்காரும் கூட்டம்தான் அது! தோற்றவர் அதே தொகுதியில் 1996-ல், 1,033 பேர் போட்டியிட்ட தேர்தலில் ஜெயித்தவர். அன்று வாக்குச்சீட்டைப் புத்தகமாகவே அச்சடிக்க வேண்டியிருந்தது. விவசாயிகள் தங்கள் குறையைச் சொல்லத்தான் கூட்டமாக மனுத் தாக்கல் செய்தார்கள். நாடே திரும்பிப் பார்த்தது. அதே ஆண்டு சட்டசபைத் தேர்தல் டெபாசிட்டும் 250 ரூபாயிலிருந்து 5,000 ஆக ஏறியது.

உங்கள் தொண்டாமுத்தூரில் வித்தியாசம் பெரிதுதான். ஆனால், 2021-ல் பத்தையும் இழந்த தி.மு.க. கூட்டணி, அடுத்த ஆண்டே கோவை மாநகராட்சியை அள்ளியது. கோட்டை என்று யாரும் பட்டா போட்டு வைத்திருக்கவில்லை. தவிர, எந்த பூத்தில் யாருக்கு எத்தனை ஓட்டு என்பது படிவம் 20-ல் வெளியாகிறது. கட்சிக்காரர்கள் அதை வரி வரியாகப் படிக்கிறார்கள். குடிநீர், சாக்கடை என்று நீங்கள் மனு கொடுக்கப் போகும்போது, உங்கள் பூத்தின் கணக்கு அவர்கள் மனதில் இருக்கும்.

முதலில் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் படிவம் 6. வீடு மாறியிருந்தால் படிவம் 8. சந்தேகமா, 1950-க்குப் போன் போடுங்கள். நிற்பவர் யாரையும் பிடிக்கவில்லையென்றால் கடைசிப் பொத்தான் நோட்டா இருக்கிறது.