வயலில் போட்ட உரம் கிணற்றுக்கு வரும் வழி

நம் பழையசீவரத்துக்கு எதிரே, திருமுக்கூடலில் பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடுகின்றன. ஆற்றங்கரை ஊரில் நாம் குடிப்பதும் பயிருக்கு இறைப்பதும் நிலத்தடி நீரைத்தான்.

தழைச்சத்து மண்ணிலிருந்து பயிருக்கும், பயிரிலிருந்து மாட்டுக்கும், சாணமாக மீண்டும் மண்ணுக்கும் சுற்றி வருகிறது. 45 கிலோ யூரியா மூட்டையில் சுமார் 21 கிலோ தழைச்சத்து உண்டு. பயிர் எடுத்தது போக மிஞ்சியதில் ஒரு பகுதி நைட்ரேட்டாக மாறி, நீரோடு கீழே இறங்குகிறது. கழிவறைக் குழியிலிருந்தும் இறங்கும்.

குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருக்கக் கூடாது. மிகுந்தால், அந்நீரில் பால்மாவு கரைத்துக் குடிக்கும் கைக்குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறன் குறையும். கொதிக்க வைத்தாலும் நைட்ரேட் போகாது.

ஆகவே யூரியாவைத் தவணை பிரித்துப் போடுவோம். நடவுக்கு முன் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழுவோம். கிணற்று நீரைப் பரிசோதிப்போம். இந்த நீர் நம் பிள்ளைகளுக்காக நம்மிடம் உள்ள அமானிதம்.